அஞ்சடியிலிருந்து அடுக்குமாடிக்கு: சைனாடவுனின் குடியிருப்பு வரலாறு

சிங்கப்பூர் சென்று திரும்பும் நம்மவரிடம் மாரியம்மன் கோயில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், சைனாடவுனில் என்பர். தமிழர் கோயில் சீனர் வட்டாரத்தில் இருப்பானேன் என்று மேலும் கேட்டால் பெரும்பாலும் விடை வராது. கோயிலை ஒட்டிய பகோடா தெரு அக்கோபுரத்தாலேயே அப்பெயர் பெற்றது என்பதையும் பலர் அறியார். அந்த இடத்தின் வரலாற்றை ஆராய்ந்தால், தலைக்கு மேல் கூரை இல்லாதவனுக்கு யார் இடம் கொடுப்பது என்ற கேள்விக்குச் சிங்கப்பூர் இரு நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கும் விடைகள் அத்தனையும் அங்கேயே கிடைக்கின்றன.

1819-இல் ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. செங்கற் சூளை வைத்துப் பொருளீட்டியவர். அவர் முயற்சியால் 1827-இல் மரமும் அத்தாப்பும் கொண்டு எழுந்ததே இக்கோயிலின் முதல் வடிவம். அது வழிபாட்டிடமாக மட்டும் இருக்கவில்லை. கப்பலிலிருந்து இறங்கிய தமிழன் வேலையும் இருப்பிடமும் தேடிக்கொள்ளும் வரை தங்குவதற்குரிய இடமாகவும் அது விளங்கியது. சற்றுத் தள்ளித் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா. அதே தெருவில் சீனரின் கோயில்களும் ஊர்ச் சங்கங்களும். ஒவ்வோர் இனமும் தன்னவனுக்குத் தானே திண்ணை கொடுத்த காலம் அது. அரசினர்க்கு அதில் பங்கு ஒன்றும் இல்லை.

திண்ணை சில நாளைக்கு உதவும். ஆயிரக்கணக்கில் ஆள் வந்து இறங்கினால் என்ன செய்வது? துறைமுகம் வளர வளர, ஒரு குடும்பமும் ஒரு கடையும் இருக்கக் கட்டப்பட்ட கடைவீடுகள் பலகைத் தடுப்புகளால் துண்டு துண்டாக வகுக்கப்பட்டன. சன்னலில்லாத தடுப்பறை ஒன்றில் ஒரு குடும்பம். மாடிப்படிக்கு அடியில் ஒருவர். அதுவும் கிடைக்காதவர்க்குக் கடை முகப்பின் அஞ்சடி. கூலியாள் விடுதிகளில் ஒரே படுக்கைப் பலகையில் பகலில் ஒருவரும் இரவில் ஒருவருமாக முறை வைத்து உறங்கியதும் உண்டு. 1906-இல் அழைக்கப்பட்ட டாக்டர் சிம்ப்சன் என்னும் சுகாதார அறிஞர் மறு ஆண்டே அறிக்கை தந்தார். வீட்டுக்குப் பின்னே சந்து விடுங்கள், காற்று வரட்டும் என்பது அவர் பரிந்துரைகளுள் முக்கியமானது. 1918-இல் வீடமைப்பு ஆணைக்குழு ஒன்று கூடி, இதற்கென்றே தனி அமைப்பு வேண்டும் என்றது. அமைப்பு வந்தது 1927-இல். சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்பது அதன் பெயர். அறிக்கைக்கும் செயலுக்கும் இடையே இருபது ஆண்டுகள்! அக்காலக் காச நோயாளிகளுக்கு அந்த இருபது ஆண்டுகள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

அந்த டிரஸ்டின் சட்டத்தில் ஒரு முடிச்சு இருந்தது. தெரு அகலப்படுத்துவது, சந்து திறப்பது, வாழத் தகாத வீட்டை இடிப்பது ஆகியவையே அதன் கடமை. பொதுவாக ஏழைக்கு வீடு கட்டும் பொறுப்பு அதற்கு இல்லை. தன் திட்டத்தால் வீடிழந்தவர்க்கு மட்டுமே கட்டித் தரலாம். முதலில் இருந்தே வீடில்லாதவனை அச்சட்டம் கண்டுகொள்ளவில்லை. 1936-இல் தியோங் பாருவில் அது கட்டிய குடியிருப்பு இன்றும் அழகாகவே நிற்கிறது. ஆயினும் அவ்வாடகை கூலியாளுக்கு எட்டவில்லை. எழுத்தர், வணிகர் முதலிய நடுத்தர மக்களே அங்குக் குடியேறினர்.

போருக்குப் பின் நிலைமை முற்றியது. 1947-இல் ஒன்பது லட்சத்துக்கு மேலிருந்த மக்கள் தொகை 1957-இல் 14 லட்சத்து 45 ஆயிரமாயிற்று. ஏழைகளைக் காக்கும் நல்லெண்ணத்தோடு 1947-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்தி வைத்தது அது. விளைவு என்ன? வரும் வாடகை பழுது பார்க்கவும் போதாதென்று வீட்டுச் சொந்தக்காரர் கைவிட்டார். முதன்மைக் குடியிருப்பாளரோ மலிவாக எடுத்த வீட்டை மேலும் மேலும் தடுத்து உள்வாடகைக்கு விட்டுப் பணம் பண்ணினார். வாடகையை மட்டும் கட்டிப்போட்டு, வீட்டின் எண்ணிக்கையைக் கூட்டாமல் விட்டால் நேர்வது இதுவே. சட்டம் போட ஒரு காசும் செலவில்லை; வீடு கட்டத்தான் செலவு. செலவில்லாத வழியை முதலில் தேடுவது அரசுகளின் இயல்பு போலும்.

அக்காலத்துச் சைனாடவுனை அறிய இரண்டு நூல்கள் துணை செய்கின்றன. ஒன்று, பாரிங்டன் கே என்பவர் அப்பர் நான்கின் தெரு என்ற ஒரே தெருவை எடுத்துக்கொண்டு, வீடு வீடாக, அறை அறையாக ஆராய்ந்து 1960-இல் வெளியிட்டது. மற்றொன்று, சமூக நலத்துறையில் இருந்த கோ கெங் சுவீ 1953-54-இல் நகர மக்களின் வருவாயையும் குடியிருப்பையும் அளந்து 1956-இல் வெளியிட்டது. ஒரு தெருவை முழுதாக அறிவது எப்படி என்பதற்கு முன்னது நல்ல சான்று. பின்னதன் சிறப்பு வேறு. மக்களை எண்ணிக் கணக்கெடுத்த அதே மனிதர் 1959-இல் நிதியமைச்சரானார். அவர் நின்று வென்ற தொகுதியோ கிரேத்தா ஆயர், அதாவது சைனாடவுனின் நடுப்பகுதி. 1984 வரை அத்தொகுதியின் உறுப்பினர் அவரே. கணக்கெடுத்தவர் கையிலேயே கருவூலச் சாவி வந்து சேர்வது வரலாற்றில் அரிது.

இங்கே சேகோ சந்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாகும் தறுவாயில் உள்ளவரைக் கொண்டுவந்து கிடத்தும் வீடுகள் அங்கு இருந்தன. சுற்றுலா நூல்கள் இதை விந்தையான வழக்கம் என்று எழுதும். காரணம் விந்தையானதன்று. எட்டுப்பேர் உறங்கும் தடுப்பறையில் ஒருவர் இறப்பதற்கு இடமில்லை என்பதே அது. அவ்வீடுகள் 1961-இல் தடை செய்யப்பட்டன.

1960 பிப்ரவரி முதல் நாள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. லிம் கிம் சான் அதன் முதல் தலைவர். ஓராண்டு கடந்து, 1961 மே 25-ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ அத்தாப்புக் குடிசைகளில் தீப்பற்றியது. நால்வர் மாண்டனர், ஏறத்தாழப் பதினாறாயிரம் பேர் ஒரே நாளில் வீடிழந்தனர். பள்ளிக்கூடங்களே முதல் புகலிடமாயின. நாம் பள்ளியில் பணிபுரிவோர். பேரிடர் வரும்போதெல்லாம் வகுப்பறைகள் அகதி முகாமாவதை அறிந்தவர்கள். அவ்வாறு வந்தோர் எத்தனை மாதம் வகுப்பறையிலேயே கிடப்பர் என்பது வழக்கமான கவலை. அங்கு அவ்வாறு நேரவில்லை. அண்மையில் கட்டி முடிந்திருந்த வீடுகள் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. எரிந்த நிலத்தையே அரசு கையகப்படுத்தி, அதன் மேல் அடுக்குமாடிகளை விரைந்து எழுப்பியது. ஹாங்காங்கில் 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைகள் எரிந்து ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் தெருவுக்கு வந்த பின்னரே அங்கும் பொது வீடமைப்பு பிறந்தது. சென்னையில் குடிசை மாற்று வாரியம் 1970-இல் அமைந்தது. தீயைக் கண்ட பிறகே பணப்பெட்டி திறக்கிறது!

பணம் எங்கிருந்து வந்தது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். பலர் கட்டடத்தைக் கண்டு வியந்து கணக்கைப் பார்க்காமல் விட்டுவிடுகின்றனர். கழகத்துக்குக் கட்டுமானக் கடன் கொடுத்தது அரசு. அடக்கத்துக்குக் குறைந்த விலையிலும் வாடகையிலும் வீடு கொடுப்பதால் ஆண்டுதோறும் விழும் பற்றாக்குறையை வரவு செலவுத் திட்டத்திலிருந்து மானியமாக ஈடு செய்வதும் அரசே. 1966-இல் இயற்றிய நில எடுப்புச் சட்டம், பொதுத் தேவைக்கு நிலத்தை ஊக வணிகரின் விலை கொடுக்காமல் பெற வழி செய்தது. நிலச் சொந்தக்காரர் பலர் இதனால் நொந்ததுண்டு. அவர்கள் இழப்பும் இம்மானியத்தின் ஒரு பகுதியே என்று நான் கருதுகிறேன். 1964-இல் வீட்டைச் சொந்தமாக வாங்கும் திட்டம் தொடங்கியது. ஏழையிடம் முன்பணம் ஏது? 1955 முதல் தொழிலாளியும் முதலாளியும் ஆளுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் செலுத்தி வந்த மத்திய சேம நிதி இருந்தது. அதிலிருந்து எடுத்து வீட்டுத் தவணை கட்டலாம் என்று 1968-இல் அனுமதித்தனர். முதுமைக்கு என்று சேர்த்த பணம் இளமையிலேயே சுவராகவும் கூரையாகவும் மாறியது. இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் முப்பத்திரண்டு ஆண்டுகளில் கட்டியது சுமார் 23,000 வீடு. கழகமோ முதல் ஐந்தாண்டிலேயே ஐம்பதாயிரத்தைத் தாண்டியது.

தோட்டப்புறத்தில் வாழும் எனக்கு இவ்வரலாற்றில் நெஞ்சைத் தொடும் பகுதி வேறொன்று. 1968 சனவரியில், சிங்கப்பூரிலிருந்து தன் படைகளை விலக்கிக்கொள்ளப்போவதாக பிரிட்டன் அறிவித்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் மலையாளிகளும் தமிழரும் திரளாக வேலை செய்தனர். தளத்தின் குடியிருப்புகளிலேயே வாழ்ந்தனர். வேலையோடு வீடும் ஒட்டிக் கிடந்தது. நம் லயன் வீடுகளின் கதையும் இதுதானே? நான் ஆசிரியப் பயிற்சி முடித்து முதலில் பணியேற்ற தோட்டம் சில ஆண்டுகளில் கைமாறியது. மரம் வெட்டினர்; பால்மரத்தை நம்பியிருந்தோரை லயனைக் காலி செய்யச் சொன்னார்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் முகவரி என்றொரு பத்தி உண்டு. அதுவரை அப்பத்தியில் தோட்டத்தின் பெயரையும் லயன் எண்ணையும் எழுதுவேன். அவ்வாண்டு இரு பிள்ளைகளுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவை மூடி வைத்தேன். பின்னர் ஒரு மாமன் வீட்டு முகவரி வந்தது. அதற்குள் அவர்கள் பள்ளி மாறிவிட்டனர். முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய தந்தைக்கு வீட்டின் மேல் ஒரு நாளும் உரிமை இருந்ததில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். தொழிலையும் வீட்டையும் பிரித்து, வீட்டைக் குடிமகனின் பெயரில் எழுதியதே சிங்கப்பூர் செய்தவற்றுள் தலையாயது என்பது என் துணிபு.

எனினும் இழந்தவையும் உள. தஞ்சோங் பகார் பகுதியில் கடையநல்லூர், தென்காசித் தமிழ் முஸ்லிம்கள் நெருங்கி வாழ்ந்தனர். அவர்கள் 1946-இல் நிறுவியது உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி. பழைய குடியிருப்புகள் அகன்று மக்கள் புதுநகர்களுக்குப் பிரிந்தனர்; பெற்றோரும் ஆங்கிலப் பள்ளிகளை நாடினர். 1982-இல் அப்பள்ளி மூடப்பட்டது. இன்று அப்பெயரைத் தமிழ்மொழி நிலையம் ஒன்று தாங்கி நிற்கிறது. வீடு கிடைத்தது, அண்டை வீட்டார் போயினர். இரண்டையும் ஒருங்கே காக்கும் வழி இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்றே நம்ப விரும்புகிறேன். ஆனால் தடுப்பறையில் இருமிக் கிடந்தவரிடம் அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

சிங்கப்பூரில் இன்று பத்தில் எட்டுப்பேர் அளவில் கழக வீடுகளில் வாழ்கின்றனர். அவருள் பெரும்பாலோர் சொந்தமாக வாங்கியவர். ஆயினும் 2019-இல் லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளியைச் சேர்ந்த இங் கொக் ஹோ, தொண்டர்களோடு நள்ளிரவில் தெருத்தெருவாகச் சென்று எண்ணியபோது, வெளியில் உறங்குவோர் ஏறத்தாழ ஆயிரம் பேர் எனத் தெரியவந்தது. மிகுதியும் முதிய ஆடவர். வேலையற்றவர் அல்லர், குறைந்த கூலிக்கு வேலை செய்பவர் பலர். 2022-இல் அரசே நடத்திய கணக்கெடுப்பில் 530 பேர். இடைக்காலத் தங்குமிடங்களும், அரசு, தொண்டர், சமய நிறுவனங்கள் கூடிய கூட்டமைப்பும் 2019 முதல் இதில் உழைத்து வருகின்றன. 2020 நோய்த்தொற்றுக் காலத்தில் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் இரவில் கதவு திறந்தன. நாராயண பிள்ளை காலத்துத் திண்ணை மீண்டும் தேவைப்பட்டது.

இவ்வளவு வீடு கட்டிய நாட்டில் இவர்கள் எப்படி விடுபட்டனர்? திட்டம் முழுவதும் குடும்பத்தை அலகாகக் கொண்டது. மணமாகாதவர், மணமுறிவு பெற்றவர், மக்களோடு பிணங்கியவர் ஆகியோர் வாடகை வீடு கேட்டால், தமக்கு ஒரு துணைக் குடியிருப்பாளரைத் தேடிக்கொண்டு இருவராக வரவேண்டியிருந்தது. ஓரறை வீட்டில் முன்பின் பழகாத இரு முதியவர், இடையே சுவரில்லாமல்! ஒருவர் வானொலி மற்றவர்க்குப் பகை. ஒருவர் குறட்டை மற்றவர்க்கு எமன். வீடு பெயரளவில் இருந்தும் சண்டையால் வெளியேறி அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் உறங்கியோரை 2019 ஆய்வு கண்டது. அறுபது ஆண்டுகளுக்கு முன் விலக்க முயன்ற தடுப்பறையின் நிழல் அந்த ஓரறையில் விழுகிறது. தடுப்பு மட்டும் இல்லை.

இதை உணர்ந்தே 2021 டிசம்பரில் ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கினர். அதன்படி, தனியாள் துணை தேடி அலையாமல் தானே விண்ணப்பிக்கலாம். வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் சமூக நல நிறுவனம், வயதும் பழக்கமும் ஒத்தவரை இணைத்து வைக்கிறது. பிணக்கு எழுந்தால் தீர்த்தும் வைக்கிறது. படுக்கைகளுக்கு நடுவே தடுப்பு ஒன்றும் அமைத்துத் தருகிறார்கள்.