பெயரும் முகவரியும் எழுதிய மனு

கணக்குக் கேட்பது காஞ்சி மண்ணுக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் குடவோலைத் தேர்தலுக்குத் தகுதியற்றவர்; அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே விலக்கு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கதையைச் சொல்லும்போது, அந்த முன்னோரை முதலில் வணங்குவதே முறை.

வெள்ளையர் ஆட்சியில் வந்த 1923ஆம் ஆண்டு அலுவலக இரகசியச் சட்டம் கோப்புகளுக்குப் பூட்டுப் போட்டது. முறைகேட்டைக் கண்டவர் அஞ்சி மொட்டைக் கடிதம் எழுதினார். ஊரும் அவரை மெச்சவில்லை. காட்டிக்கொடுத்தவர் என்றே ஏசியது.

குடிமக்களுக்கு அறியும் உரிமை உண்டு என்று ராஜ் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1975இல் சொன்னது. அதே ஆண்டு ஐ.ஏ.எஸ். பணியைத் துறந்தவர் சென்னையில் பிறந்த அருணா ராய். 1990இல் அவர் தோழர்களுடன் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், ராஜஸ்தான் கூலித் தொழிலாளர்களைத் திரட்டி வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொன்னது. 1996இல் பியாவரில் 40 நாள் தர்ணா நடந்தது. மறு ஆண்டே, 1997 ஏப்ரலில், இந்தியாவிலேயே முதன்முதலாகத் தகவல் அறியும் உரிமைக்கெனச் சட்டம் இயற்றியது நம் தமிழ்நாடு.

இவ்வரலாற்றில் உயிர்ப்பலியும் உண்டு. தங்க நாற்கரச் சாலைப் பணியின் ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். பெயர் வெளியானது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. புகார் தருவோரின் பெயரைக் காக்கும் பொறுப்பு 2004இல் மத்திய கண்காணிப்பு ஆணையத்திடம் வந்தது அதன் பிறகுதான்.

2005 அக்டோபர் 12 அன்று நாடாளுமன்றம் இயற்றிய தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டு அரசு அலுவலகத்தைக் கேட்க வெள்ளைத்தாள், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, பொதுத் தகவல் அலுவலர் என்ற விலாசம், இவ்வளவே வேண்டியது. 30 நாளில் பதில் வர வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அலுவலகம் வினவ முடியாது. யாரும் கேட்காமலே கணக்குக் காட்டியவரும் உண்டு. 2009இல் நாமக்கல் ஆட்சியராக இருந்து தம் சொத்து விவரத்தை இணையத்தில் வெளியிட்ட உ. சகாயம், பின்னர் நம் நெசவாளரின் கோ-ஆப்டெக்ஸுக்கு மேலாண்மை இயக்குநராக வந்தது நமக்குத் தனிப் பெருமை.

ஓய்வூதிய மனு எந்த மேசையில் நிற்கிறது என்று காஞ்சிப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் இன்று தம் பெயரும் கதவு எண்ணும் எழுதியே கைத்தறித் துறையைக் கேட்கலாம். பதில் வராவிட்டால் மேல்முறையீடு. அதற்கும் மேலே சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம் இருக்கிறது.