இனச்சுழற்சி

அரசுப் பணியிடங்களைச் சமூகப் பிரிவு வாரியாக வரிசையிட்டு நிரப்பும் முறை. வேர், சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணைகளில் (முதலாவது 1921). அவற்றில் 1947 ஆணை, 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, கிறித்தவர்களுக்கு (ஆங்கிலோ இந்தியர் உட்பட) 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்தது. 1951-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பங்கீட்டை ரத்து செய்தது.

தமிழ்நாட்டில் இன்றைய சுற்று 200 இடங்கள் கொண்டது. நூறு போதாதா? பிற்படுத்தப்பட்டோரின் 26.5 சதவீத ஒதுக்கீட்டில் தொங்கும் அரை, நூறில் அரை ஆளாகிவிடும். இருநூறில் முழுசாக 53 பேர். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 7, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் - சீர்மரபினர் 40, ஆதிதிராவிடர் 36 (அதில் அருந்ததியர் 6), பழங்குடியினர் 2, பொது 62.

எடுத்துக்காட்டாக, புதுக்கோட்டைப் பகுதியின் ஆலங்குடி வட்டத்தில் கிராம உதவியாளர் பணிக்கு விளம்பரம் வந்தால், ஊர்ப்பெயருக்குப் பக்கத்துக் கட்டத்தைத்தான் முதலில் தேடுவார்கள். அங்கே 'பொது, முன்னுரிமையற்றவர்' என்பதுபோல ஒரு வரி இருக்கும். காலியிடம் ஒன்றே என்றாலும் சுழற்சி எந்த எண்ணில் நிற்கிறதோ, அந்த எண்ணுக்குரிய பிரிவுக்கே அது போகும்.