பெரிய வாள் யாருக்குப் பெரியது? மேசைக் கதையாட்டங்களில் ஓர் அளவுச் சிக்கலின் வரலாறு

பெரிய எறும்பு, சிறிய யானையைவிடச் சிறியது. பொருண்மையியல் வகுப்பின் முதல் வாரத்தில் சொல்லப்படும் எடுத்துக்காட்டு இது. 'பெரிய', 'சிறிய' போன்ற பெயரடைகள் தனித்து நின்று பொருள் தருவதில்லை. எந்த இனத்தோடு ஒப்பிட்டுப் பெரியது என்ற குறிப்பு, சொல்லப்படாமலேனும், உடன் நின்றாக வேண்டும். மாணவர் இதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுவர். ஆனால் இதே சிக்கலோடு ஒரு விளையாட்டின் விதிநூல்கள் ஐம்பது ஆண்டுகளாக மல்லுக்கு நிற்கின்றன. ஆய்வுலகம் பெரிதும் கண்டுகொள்ளாத அந்நூல்களை மொழியியல் கண்ணோடு படித்ததன் விளைவே இந்தப் பதிவு. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசைக் கதையாட்டத்தைக் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்டனர். சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்றுப் பேச, ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். ஐயமான செயல்களின் முடிவைப் பகடை சொல்லும். முதல் பதிப்பில் எந்த ஆயுதத்தால் அடித்தாலும் சேதம் ஓர் அறுமுகப் பகடையின் எண்தான். கத்திக்கும் இருகை வாளுக்கும் வேறுபாடு கிடையாது. 1975இல் வந்த கிரேஹாக் என்னும் துணைநூல்தான் ஆயுதத்துக்கு ஏற்பச் சேதத்தை மாற்றியது. 1978இன் ஆட்டக்காரர் கையேட்டில் இன்னொரு விந்தையும் இருந்தது: நீள்வாள் மனித அளவுள்ள பகைவன்மேல் பட்டால் எண்முகப் பகடை, பேருருவம் கொண்ட பகைவன்மேல் பட்டால் பன்னிருமுகப் பகடை. 'பெரிய' என்ற அடை அன்று ஏந்துபவனையோ ஆயுதத்தையோ குறிக்கவில்லை, அடிபடுபவனைக் குறித்தது.

ஏந்துபவனுக்கும் ஆயுதத்துக்கும் உள்ள உறவு 1989இன் இரண்டாம் பதிப்பில்தான் தெளிவான விதியாகிறது. ஆயுதங்கள் சிறியவை, நடுத்தரமானவை, பெரியவை எனப் பிரிக்கப்பட்டன. தன் அளவுக்கு உட்பட்ட ஆயுதத்தை ஒரு கையாலும், ஒருபடி மேலானதை இரு கையாலும் பிடிக்கலாம்; அதற்கும் மேற்பட்டதைத் தொட இயலாது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பும் சாரத்தில் இதையே பின்பற்றியது. இங்கே அளவு என்பது ஆயுதத்தின் உள்ளார்ந்த பண்பு. நீள்வாள் நடுத்தரமானது என்றால் உலகில் உள்ள எல்லா நீள்வாள்களும் நடுத்தரமானவையே. மூன்றடி உயரமுள்ள ஹாஃப்லிங் அதை இரு கையால் பிடிப்பார், மனிதர் ஒரு கையால் பிடிப்பார், வாள் மாறாது. ஓகர் என்னும் பேருருவ அரக்கன் ஒரு கையால் சுழற்றிய பெருவாள் அவன் வீழ்ந்தபின் மனிதன் கையில் வழக்கமான இருகை வாளாகிவிடும். கணக்கு எளிது, கொள்ளைப் பொருளைப் பங்கிடுவதும் எளிது. ஆனால் அரக்கனின் இடுப்புக் கத்திக்கு என்ன பெயர்? நீளத்தில் அது மனிதனின் குறுவாளை ஒத்திருக்கலாம். பிடியோ மனிதக் கைக்கு அடங்காது. அந்த வேறுபாட்டைச் சொல்ல அந்த விதியில் இடமில்லை.

2003இல் வந்த திருத்தப் பதிப்பு, ஆட்டக்காரர் வழக்கில் மூன்றரை, இந்த இலக்கணத்தையே மாற்றியது. இனி ஒவ்வோர் ஆயுதமும் இன்ன அளவினருக்காகச் செய்யப்பட்டது என்ற குறிப்போடு வரும். மனிதருக்கான நீள்வாள் எண்முகப் பகடை, ஹாஃப்லிங்குக்கான நீள்வாள் அறுமுகப் பகடை, ஓகருக்கான நீள்வாள் இரண்டு அறுமுகப் பகடை. பிறர்க்கென ஆன ஆயுதத்தை எடுத்தால், அளவு ஒருபடி விலகுந்தோறும் தாக்கு எண்ணில் 2 குறையும். பிடிக்கும் முறையும் ஒருபடி மாறும். ஓகரின் ஒருகை வாள் மனிதனுக்கு இருகை வாள். ஓகரின் இருகை வாளை மனிதன் ஏந்தவே முடியாது.

தமிழ் இலக்கணக்காரர் இங்கே புன்னகைப்பார். இது நான்காம் வேற்றுமை. தகவு, பொருட்டு என்னும் பொருள்களை நன்னூலார் குவ்வுருபுக்கு வைத்தார். மூன்றரைப் பதிப்பு ஆயுதப் பட்டியல் முழுவதையும் அவ்விரு பொருள்களில் திருப்பி எழுதிவிட்டது. 'பெரிய வாள்' என்பதை விட்டுப் 'பெரியவர்க்கு வாள்' என்றது. முன்னது பெயரடை, பின்னது வேற்றுமை உறவு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொற்றொடர் வந்து நின்றதால் விதியைப் படித்தோர் பலர் குழம்பினர். தமிழில் எழுதப்பட்டிருந்தால் ஓர் உருபு அந்தக் குழப்பத்தைத் தீர்த்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

இந்த உறவு நமக்குப் புதிதும் அன்று. சிலம்பக் கம்பின் நீளத்தை முழக்கோலால் அளந்து பொதுவாக வைப்பதில்லை. ஆடுபவரின் உடலே அளவுகோல். நட்டுவைத்த கம்பு புருவம் அல்லது நெற்றி வரை எட்ட வேண்டும் என்பது பரவலான வழக்கு, ஆசான்தோறும் சிறிது வேறுபடும். சிறுவனுக்கு ஆன கம்பு தந்தைக்கு ஆகாது.

இதன் மறுகோடியில் நிற்பவை கருப்பசாமி கோயில்களின் நேர்த்திக்கடன் அரிவாள்கள். அரிவாளுக்குப் பேர்போன சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியை அறியாதார் தென்மாவட்டங்களில் குறைவு. வயலுக்கும் வீட்டுக்கும் ஆன அரிவாள் கைக்கு அடங்கும். காணிக்கையாகக் கோயிலில் நடப்படும் அரிவாளோ ஆள் உயரத்தையும் கடந்து பல அடி நிற்கும். அதை யாரும் வீசுவதில்லை. யாரும் வீச முடியுமா என்று கேட்பதும் இல்லை. காரணம் எளிது. அது மனிதனுக்கு மிகப் பெரிதான அரிவாள் அன்று, கருப்பனுக்குச் சரியான அரிவாள். நேர்ந்துகொண்டவர் கொல்லரிடம் சொல்லும் அளவு ஒரு நான்காம் வேற்றுமை அளவு. மூன்றரைப் பதிப்பின் ஆசிரியர்கள் பட்டியல் போட்டுக் கண்டடைந்ததை நம் ஊர் எல்லைக்கோயில் பட்டியல் இல்லாமலே வைத்திருக்கிறது.

ஆனால் ஆட்டக்காரர்களுக்கு அந்த அரிவாளை எடுத்து வீச வேண்டும் என்ற ஆசை தீரவில்லை. ஜப்பானிய வரைகதையான பெர்செர்க் 1989இல் தொடங்கியது. ஃபைனல் ஃபேன்டசியின் ஏழாம் ஆட்டம் 1997இல் வந்தது. இரண்டிலும் நாயகன் தன் உயரத்துக்கு நிகரான வாளைச் சுழற்றுகிறான். அந்தப் படிமத்தோடு வளர்ந்த தலைமுறைக்கு விதி ஏதேனும் கொடுத்தாக வேண்டும். கொடுத்தது 'குரங்குப் பிடி' என்ற சிறப்புத்திறன்; 2001இன் ஒரு துணைநூலில் தோன்றி, 2003இல் திருத்தி எழுதப்பட்டது. திருத்திய வடிவில், ஒருபடி பெரியவர்க்கான ஆயுதத்தை, பிடிமுறை மாறாமல், தாக்கு எண்ணில் 2 இழந்து ஏந்தலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனிதரின் இருகைப் பெருவாள் இரண்டு அறுமுகப் பகடை, சராசரி 7. ஓகரின் பெருவாள் மூன்று பகடை, சராசரி 10.5. ஆக 2 இழந்து 3.5 பெறுகிறோம். அதே பதிப்பில் 'வன்தாக்கு' என்ற பொதுவான திறன் உண்டு. அதைக் கொண்டு இருகை ஆயுதத்தால் தாக்கும்போது 2 இழந்தால் 4 கிடைக்கும். வேண்டாதபோது விட்டுவிடவும் செய்யலாம். ஆக, பேராயுதம் ஏந்துபவர் சாதாரண வாளை ஓங்கி வீசுபவரிடம் அரைப் புள்ளி தோற்கிறார். இதைப் பிழை என்போர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. வெளிப்படையாகத் தடுத்தால் சண்டை வரும் என்று தெரிந்தவர்கள், அனுமதித்துவிட்டு ஆதாயத்தை எடுத்துவிட்டார்கள். சட்ட வரலாறு படிப்போருக்கு இந்த உத்தி பழக்கமானதாக இருக்கும்.

எடைக்கு வருவோம். நான் குடியிருக்கும் பீன்யா, பெங்களூரின் தும்கூர் சாலையை ஒட்டிய தொழிற்பேட்டை; உலோகம் கடையும், வெட்டும், துளையிடும் பட்டறைகள் தெருத்தெருவாக இருக்கும் இடம். இங்கே யாரிடம் ஓர் எஃகுத் துண்டைப் பற்றிப் பேசினாலும் பேச்சு எடையில்தான் போய் நிற்கும். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.85 கிராம். ஒரு மீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பட்டை 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மூன்று அளவையும் இரட்டித்தால் 16 கிலோவை நெருங்கிவிடும், எட்டு மடங்கு. ஒரு முனையைப் பிடித்துச் சுழற்றும்போது தோன்றும் எதிர்ப்போ 32 மடங்கு, ஏனெனில் அங்கே நீளத்தின் இருமடியும் சேர்ந்து பெருகும்.

மூன்றரைப் பதிப்பில் உடல்களுக்கான பட்டியலைப் பாருங்கள்: நடுத்தர உயிரினம் 60 முதல் 500 பவுண்டு, பெரியது 500 பவுண்டு முதல் 2 டன், அதனினும் பெரியது 2 முதல் 16 டன். படிக்குப் படி எட்டு மடங்கு. அதே நூலில் ஆயுதப் பட்டியலைப் பாருங்கள்: பெரியவர்க்கான ஆயுதத்தின் எடை இரண்டு மடங்கு, அவ்வளவே. உடல் கன விதிப்படி வளர்கிறது, வாள் வளர்வதில்லை. பெரியவர்க்கான வாளை அவர்கள் உண்மையில் எடைபோட்டிருந்தால் மனித ஆட்டக்காரர் யாரும் அதைத் தொடவே முடிந்திருக்காது. ஆசைக்காக இயற்பியல் விட்டுக்கொடுக்கப்பட்டது.

வாளின் அடிப்படை எடையும் பதிப்புக்குப் பதிப்பு மெலிந்துகொண்டே வந்தது. 1978இல் இருகை வாள் 25 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்கு மேல். 1989இலும் 2000இலும் 15 பவுண்டு. 2003இல் 8. 2014இல் 6 பவுண்டு, 2.7 கிலோ. ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ள இருகைப் போர் வாள்கள் பெரும்பாலும் 2 முதல் 3.5 கிலோ எடைக்குள் அடங்கும் என்பதால், விதிநூல் வரலாற்றை எட்டிப்பிடிக்கத் தோராயமாக நாற்பது ஆண்டுகள் ஆயின.

தூக்குதல் வேறு, ஆளுதல் வேறு. இந்த வேறுபாட்டைக் காப்பிய மரபு நன்கறியும். மிதிலையில் சிவதனுசைக் கொண்டுவர வான்மீகிக்கு ஐயாயிரம் பேரும் எட்டுச் சக்கரப் பேழையும் போதுமாயின. கம்பர் அறுபதினாயிரவரைக் கொணர்ந்தார். சுமந்தவர் எவரும் வில்லாளர் எனப்படவில்லை. அவையில் வைக்கப்பட்ட தேர்வு நாணேற்றுவது. மாறாக, ஊர் மந்தையில் கிடக்கும் இளவட்டக்கல்லில் தூக்குவதே தேர்வு. தூக்கியபின் அதைக்கொண்டு செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

விதிநூல்களில் இவ்விரு வினைகளும் ஒரே பெயருக்குள் இடம்மாறிய கதை சுவையானது. 2004இல் கோலியத் என்ற மலைவாழ் இனத்துக்கு 'வல்லுடல்' என்ற பண்பு தரப்பட்டது. அதன் பயன்களுள் தலையாயது, ஒருபடி பெரியவர்க்கான ஆயுதத்தைத் தடையின்றி ஏந்துதல். ஐந்தாம் பதிப்புக்காக 2015இல் அதே இனம் அதே பண்புப் பெயரோடு மீண்டும் வந்தபோது, அது சுமக்கும் எடை, தள்ளும் எடை, தூக்கும் எடை ஆகியவற்றை மட்டுமே கூட்டியது. பெயர்ச்சொல் நின்றது, வினைச்சொல் போனது. வில்லாளி சுமைதூக்கியானார்.

அந்த ஐந்தாம் பதிப்பு (2014) பேராயுத விதியை ஆட்டக்காரர் கையேட்டிலிருந்து எடுத்து, ஆட்ட நடத்துநர் கையேட்டில், அரக்கர்களை உருவாக்கும் பகுதியில் வைத்தது. பெரிய உருவத்தின் ஆயுதத்துக்குப் பகடை இரட்டிப்பு, அதற்கடுத்த படிக்கு மும்மடங்கு. தனக்கு மிஞ்சியதை எடுப்பவர் இருமுறை பகடை உருட்டிக் குறைந்த எண்ணைக் கொள்ள வேண்டும். ஆட்டக்காரர் கையேட்டில் எஞ்சியது ஒரு சிறு குறிப்பு: 'கனமான' ஆயுதங்களைச் சிற்றுருவினர் ஏந்தினால் இதே இடர்ப்பாடு அவர்களுக்கும் உண்டு.

என்னை உறுத்தியது இந்தக் குறிப்புதான். வலிமை எண் 16 உள்ள ஹாஃப்லிங் வீராங்கனை பெருவாள் எடுத்தால் தடை. வலிமை எண் 8 உள்ள மனித எழுத்தர் அதே வாளை எடுத்தால் தடையில்லை. அவள் எவ்வளவு பயின்றாள் என்பதை விதி கேட்பதில்லை, எந்த இனத்தில் பிறந்தாள் என்பதையே கேட்கிறது. விளையாட்டுதானே என்று கடந்துவிடலாம். ஆனால் ஒரு சமூகம் பொழுதுபோக்குக்காக எழுதிக்கொள்ளும் விதிகளில்தான் தகுதியைப் பற்றிய அதன் எண்ணம் கூச்சமின்றி வெளிப்படுகிறது. இதற்கு மாற்றும் அன்றே இருந்தது. 1978இல் வெளிவந்த ரூன்குவெஸ்ட் என்ற ஆட்டம் ஒவ்வோர் ஆயுதத்துக்கும் இன்ன வலிமை, இன்ன லாகவம் வேண்டும் என்று மட்டுமே வகுத்திருந்தது.

2024இன் திருத்தப் பதிப்பு ஏறத்தாழ அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கைப்போருக்கான கனமான ஆயுதத்துக்கு வலிமை எண் 13 வேண்டும், எய்யும் ஆயுதத்துக்கு லாகவ எண் 13. உருவ அளவு பற்றிப் பேச்சில்லை. எழுத்தருக்கு இப்போது தடை உண்டு. ஹாஃப்லிங் வீராங்கனைக்கு இல்லை. அவள் வீசும் பெருவாளும் மனிதர் வீசும் பெருவாளும் ஒரே இரண்டு பகடைதான். வாள் யாருக்காகச் செய்யப்பட்டது என்ற நான்காம் வேற்றுமை ஆட்டக்காரரின் ஆயுதப் பட்டியலிலிருந்து உதிர்ந்துவிட்டது. அந்தப் பட்டியலில் விலை உண்டு, எடை உண்டு. வாளின் நீளம் இல்லை.