சேர்வராயன் மலைக்கதை: ரேடியோவில் வந்த கோல்

சென்ற வாரம் கலெக்டர் காக்பர்னைக் காபி விதைகளோடு பாதி மலையில் நிறுத்தியிருந்தேன். அவர் மூட்டையை அவிழ்ப்பதுதான் இந்த வாரம் வரவேண்டியது. தகவல் தேடி ஏற்காடு போனபோது, ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு தேநீர்க்கடையில் பழைய வால்வு ரேடியோ கண்ணில் பட்டது. தூசு தட்டி, பொட்டு வைத்திருந்தார்கள்.

“இன்னும் பாடுதா ஐயா?”

“அது நின்னு ரொம்ப நாளாச்சு தம்பி. கோலாலம்பூர் ஆட்டத்தை இதுலதான் கேட்டேன்” என்றார் கடைக்காரப் பெரியவர். மலையாளிப் பழங்குடி. இந்தியில் ஒரு சொல் அறியாதவர். கோல் விழுந்தது எப்படித் தெரிந்தது என்றேன். “அந்தாளு மூச்சே சொல்லிடுமே!”

அந்த ஆள் இந்தி வர்ணனையாளர் ஜஸ்தேவ் சிங். அன்று ராத்திரி காக்பர்ன் குறிப்புகளை மூடிவைத்துவிட்டேன்.

1975 மார்ச் 15. கோலாலம்பூரில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய உலகக் கோப்பை ஹாக்கி இறுதிப் போட்டி. முதல் கோல் பாகிஸ்தானுக்கு. பிற்பாதியில் சுர்ஜித் சிங் பெனால்டி கார்னரில் சமன் செய்தார். பிறகு தியான்சந்தின் மகன் அசோக் குமார் அடித்த பந்து கோல் கம்பத்தின் மூலையில் பட்டு வெளியே தெறித்தது. கோல் இல்லை என்று பாகிஸ்தான் வீரர்கள் மொய்த்துக்கொண்டார்கள். மலேசிய நடுவர் விஜயநாதன் அசையவில்லை. 2-1. கண்ணால் பார்த்தவர்களே சண்டையிட்ட அந்தக் கணத்தை, பார்க்காத கோடிப் பேருக்கு ஒருவர் வாயால் காட்ட வேண்டியிருந்தது.

கிரிக்கெட் வர்ணனையாளருக்குப் பந்துக்குப் பந்து மூச்சுவிட நேரமுண்டு. அன்றைய ஹாக்கியில் 35 நிமிடம் வீதம் இரண்டு பாதி. பந்து அடுத்த மட்டையைத் தொடுவதற்குள் ஆட்டக்காரர் பெயர் நாக்குக்கு வந்துவிட வேண்டும். 1948-இல் காந்தியின் இறுதி ஊர்வலத்தை மெல்வில் டி மெலோ ஏழு மணி நேரம் ஆங்கிலத்தில் வர்ணித்ததைக் கேட்டு, இதையே இந்தியில் செய்வேன் என்று தாயிடம் சொன்ன இளைஞர்தான் ஜஸ்தேவ். 1955-இல் ஜெய்ப்பூர் வானொலி, 1963-இல் தில்லி. ஒன்பது ஒலிம்பிக், எட்டு ஹாக்கி உலகக் கோப்பை. 2018-இல் மறைந்தார்.

அவருக்கு முன்னோடியாக பம்பாய் வர்ணனையாளர் தல்யார்கானைச் சொல்வார்கள். மைக்கை இன்னொருவரோடு பகிர மாட்டேன் என்று வானொலியை விட்டே போனவர். அதைக் கம்பீரம் என்பார்கள். எனக்கு அது அகங்காரம். மைக் கேட்பவனுடைய சொத்து.

என் மதிப்பில் உயர்ந்து நிற்பவர் கனடாவின் ஹர்நாராயண் சிங். பனிக்கட்டி மேல் ஆடும் ஐஸ் ஹாக்கியை 2008 முதல் பஞ்சாபியில் வர்ணிக்கிறார். தொடக்கத்தில் கால்கரியிலிருந்து டொராண்டோவுக்கு வாராவாரம் கைக்காசு போட்டு விமானம் ஏறியவர். 2016 ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றில் பிட்ஸ்பர்க் வீரர் நிக் பொனினோ கோல் அடித்ததும் “பொனினோ, பொனினோ” என்று மூச்சு முட்ட அவர் அடுக்கிய அடுக்கில், பஞ்சாபி தெரியாத பிட்ஸ்பர்க் நகரமே சொக்கிப்போய், வெற்றி விழாவுக்கு அவரையும் கூட்டாளிகளையும் அழைத்தது. ஒண்டிக்கடைப் பெரியவர் சொன்ன அதே மூச்சு.

நமக்கும் ஒருவர் இருந்தார். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், வானொலியில் கிரிக்கெட்டைத் தமிழாக்கித் தந்தவர். 2020 டிசம்பரில் போய்விட்டார். ராஜாக்களின் செப்பேட்டுக்குக் கொடுக்கும் மரியாதையை இந்தக் குரல்களுக்கு நாம் கொடுக்கவில்லை. இது பெரும் தவறு.

சேலம், ஏற்காடு வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணில் வானொலி வர்ணனை பதிந்த கேசட் கிடந்தால் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு வரி எழுதுங்கள், நானே மலையேறி வந்து கேட்கிறேன்.