தஞ்சையின் நெல்லும் ஒரு பாதிரியாரின் சொல்லும்

கிறித்தவத் தொண்டர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவர்கள் எத்தனை பேரைத் தம் சமயத்திற் சேர்த்தனர் என எண்ணிக் காட்டுதல் வழக்கம். தஞ்சையில் வாழ்ந்த சுவார்ட்சு ஐயரை அளக்க அக்கணக்குப் போதாது. அவர்க்கு வேறொரு கணக்கு உண்டு, அது நெற்கணக்கு.

கிறித்தியான் பிரீட்ரிக்கு சுவார்ட்சு 1726-இல் பிரசிய நாட்டிற் பிறந்தவர். ஆலே நகரிற் பயின்றபோதே தமிழைச் சிறிது கற்றுக்கொண்டு, 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். பின்னர்த் திருச்சியிலும் தஞ்சையிலும் தொண்டாற்றி 1798-இல் மறைந்தார். இடையில் ஒரு முறையேனும் தாய்நாடு திரும்பினாரல்லர்; மணமும் செய்துகொண்டாரல்லர்.

1779-இல் சென்னை ஆங்கில அரசு அவரை மைசூர் ஐதர் அலியிடம் தூது அனுப்பிற்று. ஆங்கிலேயர் வாக்குத் தவறியவர் என்று சினந்திருந்த ஐதர், இப்பாதிரியாரின் சொல்லை மட்டும் நம்பலாம் என்று கருதினார். வழிச்செலவுக்கென ஐதர் அளித்த 300 ரூபாயைச் சுவார்ட்சு தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. அதனைச் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். அவரே வைத்துக்கொள்ளலாம் என அரசு கூறவே, பள்ளிக்கூடம் ஒன்றுக்கு முதலாக்கினார். ஆயினும் அடுத்த ஆண்டே போர் மூண்டது. நல்லார் ஒருவரின் பெயரைச் செலவிட்டு அமைதி தேடியவர்கள், அவ்வமைதியைக் காக்கப் போதிய அக்கறை காட்டவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. ஐதரோ, படையெடுத்து வந்த காலத்தும், இவர் செல்லும் வழியில் எவரும் தடை செய்யலாகாது என ஆணையிட்டிருந்தார்.

அப்போரின்போது தஞ்சைக் கோட்டைக்குள் உணவு அற்றுப்போயிற்று. நாட்டுப்புறத்தில் நெல் இல்லாமலில்லை; அதனைச் சுமந்து வர மாடுகள்தாம் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை? முன்பு மாடும் நெல்லும் கொடுத்த உழவர்க்கு உரிய பணம் கிட்டவில்லை. ஆதலின் அரசன் ஆணையையும் அவர்கள் நம்பவில்லை, கும்பினியார் உறுதியையும் நம்பவில்லை. வேறு வழியின்றி மன்னர் சுவார்ட்சு ஐயரை நாடினார். அவர் ஊர்தோறும் மடல் விடுத்தார். பணத்தைத் தம் கையாலேயே தருவதாக அதில் எழுதியிருந்தார். இரண்டு மூன்று நாட்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. ஐயரும் சொன்னபடியே கொடுத்துத் தீர்த்தார்.

மாடு ஓட்டி வந்த அவ்வுழவருள் மிகப் பெரும்பாலோர் அவர் சமயத்தைச் சார்ந்தவரல்லர். அவர் நிகழ்த்திய அருளுரைகளைக் கேட்டவர்களும் அவர்களுள் மிகச் சிலரே இருத்தல் கூடும். அவர்கள் கண்ட கிறித்தவம் கைக்கு வந்த கூலிதான். சில ஆண்டுகள் கழித்து, அதிகாரிகளின் கொடுமை பொறாது குடிகள் ஊரைவிட்டு ஓடியபோதும் இவர் சொல்லே அவர்களைத் திருப்பிற்று. ஒரே நாளில் 7,000 பேர் மீண்டனர்.

இன்னொன்றும் நம் தமிழாசிரியர்கள் அறியத் தக்கது. துளசா மன்னர் 1787-இல் இறக்குந் தறுவாயில், தாம் சுவீகாரம் எடுத்த சிறுவன் சரபோசியை இவரிடம் ஒப்படைக்க விரும்பினார். ஐயர் முதலில் தயங்கினார். அரசுப் பொறுப்புத் தமக்குத் தகாது எனக் கருதினார் போலும். பின்னர்ச் சிறுவன் துன்புறக் கண்டு காவலரானார். 1793-இல் சென்னைக்கு அழைத்துச் சென்று கல்விக்கும் வழி செய்தார். சரபோசி தம் முன்னோர் சமயத்திலேயே வளர்ந்து, ஐயர் மறைந்த அதே ஆண்டில் அரியணை ஏறினார். அவர் இங்கிலாந்தில் பிளாக்சுமன் என்னும் சிற்பியைக் கொண்டு செய்வித்த பளிங்குச் சிற்பம் தஞ்சைக் கோயிலில் உள்ளது. மரணப் படுக்கையிற் கிடக்கும் பாதிரியாரின் கையை அரசர் பற்றியிருக்கும் காட்சி அதிற் செதுக்கப்பட்டுள்ளது. கல்லறைமீதுள்ள ஆங்கிலப் பாவும் சரபோசி எழுதியதே.

நெல்லைச் சீமையிலிருந்து ஐயர் அழைத்து வந்து வளர்த்த மற்றொரு சிறுவர், பிற்காலத்தில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாத்திரியார். வேற்றுச் சமயத்தவரான அப்புலவரையும் தம் அவையில் ஆதரித்தவர் சரபோசி மன்னரே.