கேட்டல் என்னும் தகுதி: பதுளையில் உள்ளகப் பயிற்சி வைத்தியரின் முதலாண்டு

இலங்கையில் மருத்துவப் பட்டம் பெற்றவர் முழுப் பதிவு பெறுமுன் ஓராண்டு உள்ளகப் பயிற்சி முடிக்க வேண்டும். பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ ஆறு மாதம். அறுவைச் சிகிச்சையிலோ மகப்பேற்றிலோ ஆறு மாதம். இந்த ஆண்டைத் தாண்ட என்ன குணம் வேண்டும்? 1889 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் புதிய வைத்தியர்களிடம் பேசிய மருத்துவர் வில்லியம் ஒஸ்லர் பதறாமைக்கு முதலிடம் கொடுத்தார். குளவி கொட்டி, முகம் வீங்கி, மூச்சுத் திணறி வரும் தேயிலைக் கொழுந்துக்காரிக்கு அது உயிர் காக்கும். கை நடுங்காமல் தொடைத் தசையில் அட்ரினலின் ஏற்ற வேண்டிய நேரம் அது. ஆனால் பதுளை வார்டில் பதறாமை மட்டும் போதாது என்பதே என் வாதம். அங்கே முதலில் வேண்டியது கேட்டல். செவிகொடுப்பதும் வினவுவதும் தமிழில் ஒரே சொல். கல்விக்கும் அறிவுடைமைக்கும் இடையே வள்ளுவர் கேள்வி அதிகாரத்தை வைத்த முறை மருத்துவத்துக்கும் பொருந்தும்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஐம்பது வயதுப் பெண் தொழிலாளி ஒருவர் வருகிறார் என்று கொள்வோம். சீனி வியாதி உண்டு. "நெஞ்சு கரிக்குதுங்க, மேலுக்கு முடியல" என்கிறார். அவசரத்தில் இருக்கும் வைத்தியர் நோயாளியின் குறிப்பேடான டிக்கெட்டில் வயிற்றெரிச்சல் என்று எழுதி மாத்திரை கொடுத்துவிடலாம். கேட்கத் தெரிந்தவர் இன்னொன்று கேட்பார்: "மேட்டு மலைக்கு ஏறும்போது எப்படி இருக்கும்மா?" "ரெண்டு எடத்துல குந்திட்டுத்தான் ஏறுவேன். போன மாசம் இப்பிடி இல்ல." இனி ஈ.சி.ஜி. எடுக்காமல் விட முடியாது. நீரிழிவுள்ள பெண்ணுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும். அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மேட்டு மலையைப் பற்றிய கேள்வி அதில் இல்லை.

அவர் ஏன் தாமதித்து வந்தார் என்பதும் நோய்வரலாறுதான். ஒரு நாள் வந்தால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும். 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. வேலை வாங்குபவரே வைத்தியமும் தரும் ஏற்பாட்டில், நோயைச் சொல்வது வேலைக்கு வராததற்குக் காரணம் சொல்வதுபோல் ஆகிவிட்டது என்றே நான் கருதுகிறேன். அந்தத் தயக்கம் வார்டுக்கும் கூடவே வருகிறது. அங்கே மொழியும் தடையாகிறது: டிக்கெட் ஆங்கிலத்தில், வார்டுப் பேச்சு சிங்களத்தில், நோவு தமிழில். 1987 இல் 13 ஆம் திருத்தம் தமிழை அரச கரும மொழியாக்கியது. ஆனாலும் "ஓய்ச்சலா இருக்கு" என்பதன் பொருளை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழ் வைத்தியர்கூடக் கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கும்.

கேட்டல் மேல்நோக்கியும் செல்ல வேண்டும். இரவு இரண்டு மணிக்குச் சந்தேகம் வந்தால் சிரேஷ்ட வைத்தியரை எழுப்பத் தயங்குபவரைத் துணிந்தவர் என்று பாராட்டுவது பிழை. அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பவர் நோயாளி. கேட்டவரை ஏளனம் செய்யும் மேலோரும் அதே பிழைக்கு உடந்தை.

கேட்டல் பிறவிக் குணமன்று, பழக்கம். ஆகவே பயிற்சிக்குப் பொறுப்பானவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பதுளைக்கு வரும் ஒவ்வொரு புதிய வைத்தியரையும் முதல் வாரத்தில் ஒரு காலைப்பொழுது தோட்டத்துக்கு அனுப்புங்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று, அங்கே பேசுவதைக் கேட்டு வரட்டும்.