சிறந்த தாங்கி எது?



‘தாங்கி’ என்னும் சொல் நம் நாட்டுத் தமிழில் இரு பொருளுடையது. நீர் நிரப்பி வைக்கும் பெருங்கலமும் தாங்கி. போர்க்களத்திலே குண்டு பொழிந்து செல்லும் இரும்பு வண்டியும் தாங்கி. இவ்விரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயலன்று. 1915ஆம் ஆண்டிலே பிரித்தானியர் இப்புதிய போர்க்கருவியை மறைவாகச் செய்யத் தொடங்கியபோது, பகைவரின் ஒற்றர் அறியாதிருக்கும் பொருட்டு, அவை நீர் கொண்டுசெல்லும் கலங்கள் என்று சொல்லி வைத்தனர். அந்தப் பொய்ப்பெயரே பின்னர் மெய்ப்பெயராயிற்று. ஆங்கிலச் சொல்லின் வழியே நாமும் அவ்வாறே வழங்கி வருகின்றோம்.

இரண்டாம் உலகப் பெரும்போரின் வரலாற்றைப் படிப்போர், சிறப்பாக இளைஞர், விருப்பத்தோடு எழுப்பும் வினா ஒன்றுண்டு. அப்போரிலே பங்குகொண்ட தாங்கிகளுள் மிகச் சிறந்தது எது என்பதே அது. கவசத்தின் தடிப்பு இவ்வளவு, பீரங்கியின் வாய் இவ்வளவு, வேகம் இவ்வளவு என்று நிரல் வகுத்து, விடைத்தாளுக்குப் புள்ளியிடுவது போலப் புள்ளியிட்டு, கூடிய புள்ளி பெற்றதற்கு முதலிடம் அளித்துவிடுவர். வினா தவறானதன்று. ஆயினும், அதற்கு விடைகூற முன்னர், ‘யாருக்குச் சிறந்தது?’ என்று ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். தாங்கியைப் போருக்கு அனுப்பும் தளபதி ஒருவன். அதனைச் செய்து கொடுக்கும் தொழிற்சாலையாளன் ஒருவன். அதனுள்ளே அமர்ந்து செல்லும் வீரன் ஒருவன். இம்மூவரும் ஒரே விடை கூறுவர் என்று எதிர்பார்த்தல் கூடாது.

தாங்கிக்கு வேண்டிய வலிமை மூன்று. பகைவனின் குண்டைத் தடுக்கும் கவசம். அவனைத் தாக்கும் பீரங்கி. மேடுபள்ளத்திலும் சேற்றிலும் செல்லும் ஓட்டம். இவை மூன்றும் ஒற்றுமையாக வாழும் உடன்பிறப்புக்கள் அல்ல. கவசத்தைத் தடிப்பாக்கினால் எடை கூடும். எடை கூடினால் ஓட்டம் குன்றும். பெரிய பீரங்கியைப் பொருத்தினால் இடம் சுருங்கும். 1916ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள், பிரான்சு நாட்டின் சொம் பகுதியில் முதன்முதலாகப் போருக்குச் சென்ற பிரித்தானியத் தாங்கி 28 தொன் எடையுடையது, எட்டுப்பேரைக் கொண்டது, மனிதன் நடக்கும் வேகத்திலேயே நகர்ந்தது. அன்று அனுப்பப்பட்ட 49 தாங்கிகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, பழுதடைந்தோ புதைந்தோ, புறப்படும் இடத்துக்கே வந்து சேரவில்லை. எஞ்சின் வீரரோடு ஒரே அறையில் இருந்தமையால், வெப்பமும் புகையும் அவர்களை வாட்டின. அடுத்த ஆண்டிலே பிரான்சு நாட்டின் ரெனோ நிறுவனம் செய்த சிறு தாங்கியில் சாரதி முன்னும், எஞ்சின் பின்னும், நாற்புறமும் திரும்பும் சுழற்கோபுரம் நடுவிலும் வைக்கப்பட்டன. பிற்காலத் தாங்கிகளுள் மிகப் பெரும்பாலானவை இந்த ஒழுங்கையே பின்பற்றின.

இனி 1940ஆம் ஆண்டு மே மாதத்துக்கு வருவோம். ஜேர்மனி பிரான்சின் மீது பாய்ந்தபோது, தாங்கிகளின் தொகையில் பிரான்சு குறைந்திருக்கவில்லை. பிரெஞ்சுக்காரரின் ‘பி-1 பிஸ்’ என்னும் கனரகத் தாங்கி 60 மில்லிமீற்றர் கவசமும் இரு பீரங்கிகளும் உடையது. எதிரே வந்த ஜேர்மானிய ‘பான்சர்-3’ தாங்கிக்கோ 30 மில்லிமீற்றர்க் கவசமும் 37 மில்லிமீற்றர்ப் பீரங்கியும் மட்டுமே. மே 16ஆம் நாள் ஸ்தொன் என்னும் கிராமத்திலே ஒரு பிரெஞ்சுத் தாங்கி தனித்து நுழைந்து, 13 ஜேர்மன் தாங்கிகளை அழித்து, 140 அடிகள் பட்டும் கவசம் துளைபடாது மீண்டது எனப் பதிவாகியுள்ளது. நிரலை மட்டும் பார்த்துப் புள்ளியிட்டால் வெற்றி பிரான்சுக்கே உரியது. ஆனால், ஆறு கிழமைக்குள் பிரான்சு வீழ்ந்தது.

காரணம் பல. படைகளை வகுத்த முறையும் தலைமையின் தயக்கமும் அவற்றுள் முதன்மையானவை. தாங்கியின் அமைப்பினுள்ளும் ஒரு காரணம் உறைந்திருந்தது. பிரெஞ்சுத் தாங்கியின் சுழற்கோபுரத்தில் ஒருவனுக்கே இடமிருந்தது. களத்தைப் பார்ப்பவனும் அவனே; குண்டு நிரப்புபவனும் அவனே; குறிபார்த்துச் சுடுபவனும் அவனே; சாரதிக்குக் கட்டளையிடுபவனும் அவனே. ஜேர்மானியத் தாங்கியிலோ சுழற்கோபுரத்தினுள் மூவர் இருந்தனர். ஒருவன் நிரப்பினான், ஒருவன் சுட்டான், தலைவன் களத்தைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டான். அன்றியும், ஜேர்மன் தாங்கிகளில் வானொலிக் கருவி இருந்தது. பிரெஞ்சுத் தாங்கிகள் பலவற்றில் அஃது இல்லை. கண்ணும் செவியும் கவசத்தினும் வலியவை என்பதை அக்கோடைகாலம் உலகுக்கு உணர்த்தியது.

ஓராண்டின் பின், 1941 யூன் 22ஆம் நாள் ஜேர்மனி சோவியத் நாட்டின்மீது படையெடுத்தது. அங்கே ஜேர்மானியர் எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். அதுவே ‘ரி-34’ தாங்கி. கார்க்கிவ் நகரிலே மிகயில் கோஷ்கின் என்னும் பொறியியலாளரின் தலைமையில் அது உருவாகியது. 1940ஆம் ஆண்டு மார்ச்சு மாதக் கடுங்குளிரிலே, சோதனைத் தாங்கிகள் இரண்டு கார்க்கிவிலிருந்து மொஸ்கோவுக்கு ஓட்டிச் செல்லப்பட்டன. அப்பயணத்தில் நோயுற்ற கோஷ்கின் அவ்வாண்டு செப்டெம்பரிலே காலமானார். தாம் படைத்தது களத்தில் செய்ததை அவர் காணவில்லை.

ரி-34இன் முன்கவசம் 45 மில்லிமீற்றர் தடிப்பே உடையது. ஆனால், அது செங்குத்தாக நிற்கவில்லை. 60 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருந்தது. வாழைக்காயை நேரே வெட்டுவதிலும் சாய்த்து வெட்டும்போது துண்டு நீளமாக வருவதை நம் வீட்டுப் பெண்கள் அறிவர். அதுபோலவே, நேரே வரும் குண்டு சாய்ந்த தகட்டிலே கடக்கவேண்டிய தூரம் இருமடங்காகி, 90 மில்லிமீற்றர் ஆகின்றது. தகட்டைத் தடிப்பாக்காமலே காவல் கூடியது. 500 பரிவலு உடைய டீசல் எஞ்சினும், சேற்றிலும் பனியிலும் புதையாத அகன்ற சங்கிலிப் பட்டைகளும், 76 மில்லிமீற்றர்ப் பீரங்கியும் அதற்கு வாய்த்திருந்தன. ஜேர்மன் காலாட்படையினர் தமது 37 மில்லிமீற்றர்த் தாங்கியெதிர்ப் பீரங்கியைக் ‘கதவு தட்டும் கருவி’ என்று தாமே எள்ளி நகையாடினர். தட்டுவதன்றித் திறக்க அதனால் இயலவில்லை.

ஆயினும், அந்த 1941ஆம் ஆண்டிலேயே சோவியத் நாடு எல்லாவகைத் தாங்கிகளிலுமாக இருபதினாயிரத்துக்கு மேல் இழந்தது. அவற்றுள் ரி-34 மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டது. உலகின் மிகச் சிறந்த வடிவம் என்று புகழப்பட்டது ஏன் இவ்வாறு அழிந்தது? அதன் சுழற்கோபுரத்தில் இருவருக்கே இடமிருந்தது. தலைவனே பீரங்கியையும் சுடவேண்டும். மேல்மூடி ஒரே பெருந்தகடாக இருந்தமையால், அதனைத் திறந்தால் முன்புறம் தெரியாது. மூடினால் எப்புறமும் செவ்வனே தெரியாது. பெரும்பாலானவற்றில் வானொலி இல்லை. கொடியசைத்தே செய்தி சொல்லினர். கியர்ப்பெட்டி அடிக்கடி பழுதாயிற்று. பயிற்சி போதாத வீரரும், வந்து சேராத எரிபொருளும் இக்குறைகளைப் பெருக்கின. பிரான்சு கற்ற பாடத்தைச் சோவியத் நாடும் குருதி சிந்தியே கற்றது. 1944இல் வெளிவந்த ‘ரி-34-85’ தாங்கியிலே சுழற்கோபுரத்துள் மூவர் அமர்ந்தனர். பீரங்கியும் 85 மில்லிமீற்றராகப் பெருகியது.

ஜேர்மானியர் அளித்த மறுமொழி வேறு வகையானது. 1942இல் களமிறங்கிய ‘ரைகர்’ 57 தொன் எடையுடையது. முன்கவசம் 100 மில்லிமீற்றர்; பீரங்கி 88 மில்லிமீற்றர். தொலைவில் நின்றே எதிரியின் தாங்கியைத் துளைக்கும். எதிரியோ அதனை முன்புறமாகத் துளைத்தல் அரிது. ஆனால், அதன் சக்கரங்கள் ஒன்றன்மேலொன்று அடுக்கிய தட்டுகள் போல இடைகோத்து அமைந்தவை. உட்சக்கரம் ஒன்று பழுதானால் வெளிச்சக்கரங்கள் பலவற்றைக் கழற்ற வேண்டும். குளிர்காலத்திலே அவற்றின் இடையே சேறு உறைந்து இறுகும். புகையிரதத்தில் ஏற்றுவதற்குப் போர்ப்பட்டை அகலம் மிக்கதாகையால், ஒவ்வொரு முறையும் அதனைக் கழற்றி ஒடுங்கிய பட்டையை மாட்ட வேண்டும். பாலங்கள் பல அதன் எடையைத் தாங்கவில்லை. ரி-34ஐக் கண்டு அதன் சாய்ந்த கவசத்தைப் பின்பற்றிச் செய்யப்பட்ட ‘பந்தர்’ தாங்கியோ, 1943 யூலை 5ஆம் நாள் கூர்ஸ்க் பெருஞ்சமரில் ஏறத்தாழ 200 என்ற தொகையிலே இறங்கியது. எதிரியின் குண்டும் கண்ணிவெடியும் ஒருபுறம், எஞ்சினில் பற்றிய தீயும் முறிந்த உறுப்புக்களும் மறுபுறமாக, சில நாள்களுக்குள் இயங்கும் நிலையில் எஞ்சியவை மிகச் சிலவே. பெருமையை நாடிய இவ்வழியின் எல்லை ‘மவுஸ்’ என்பது. அப்பெயருக்குச் சுண்டெலி என்று பொருள். எடையோ 188 தொன். இரண்டு மாதிரிகள் செய்வதற்குள் போர் முடிவை நெருங்கிவிட்டது.

இங்கே தொழிற்சாலையாளன் பேசத் தொடங்குகின்றான். ரைகர் முதல் வகையிலே செய்யப்பட்டவை 1,350க்கும் குறைவு. பந்தர் ஏறத்தாழ 6,000. அமெரிக்கரின் ‘ஷேர்மன்’ 49,000க்கு மேல். ரி-34 போர்க்காலத்திலேயே 50,000க்கு மேல். கார்க்கிவ் தொழிற்சாலையை இயந்திரங்களோடும் தொழிலாளரோடும் பெயர்த்து யூரல் மலைப்பகுதிக்குக் கொண்டுசென்ற பின்னரும் இத்தொகை எட்டப்பட்டது. ஸ்ராலின்கிராட் தொழிற்சாலை 1942இல் எதிரி வாயிலுக்கு வரும்வரை தாங்கி செய்துகொண்டிருந்தது. இறப்பர் கிடையாதபோது உருக்கு விளிம்புச் சக்கரங்களையே மாட்டினர். மெருகு தேவையற்ற இடத்தில் மெருகிடவில்லை. போர்முனையிலே ஒரு தாங்கியின் வாழ்நாள் குறுகியது; அதனிலும் நெடுங்காலம் உழைக்கும் உறுப்பைச் செய்தல் வீண் என்பது அவர்கள் கணக்கு. கணக்குப் பிழையன்று. ஆனால், அந்தக் குறுகிய வாழ்நாளினுள் உள்ளே இருந்த நால்வரின் வாழ்நாளும் அடங்கியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

ஷேர்மனின் கதை இவ்விடத்தில் பொருத்தமானது. அது அத்திலாந்திக்கைக் கடந்து கப்பலிலே வரவேண்டியது. துறைமுகத்துப் பாரந்தூக்கிகளும் படையினரின் பாலங்களும் ஏற்கும் எடைக்குள் நிற்கவேண்டியது. ஆகவே, 30 தொன்னைச் சற்றே கடந்த எடையில் அது நின்றது. 1944இல் நோர்மண்டியிலே அதன் 75 மில்லிமீற்றர்ப் பீரங்கி பந்தரின் முன்கவசத்தைத் துளைக்கமாட்டாது தடுமாறியது. அடிபட்டால் எளிதிலே தீப்பற்றுகின்றது என்னும் இகழ்ச்சியும் அதற்கு இருந்தது. தீயின் காரணம் பெற்றோல் என்றே பலரும் கருதினர். ஆராய்ந்தபோது, பக்கச் சுவர்களையடுத்து வைக்கப்பட்ட பீரங்கிக் குண்டுகளே முதன்மையான காரணம் எனக் கண்டனர். பின்னர் அக்குண்டுகளைத் தாங்கியின் அடித்தளத்துக்கு மாற்றி, நீர்க்கலவை சூழ்ந்த பெட்டிகளில் வைத்தனர். தீப்பற்றுவது பெரிதும் குறைந்தது. குண்டை வைக்கும் இடத்தை மாற்றியதனாலே எத்தனையோ இளைஞர் வீடு திரும்பினர். தடிப்பையும் வேகத்தையும் குறிக்கும் நிரல்களில் இதற்கு ஒரு கட்டமும் கிடையாது.

இனி மூவரின் தீர்ப்பையும் கேட்போம். தளபதி கூறுவான்: குறித்த நாளிலே குறித்த இடத்துக்கு வந்து சேரும் தாங்கியே சிறந்தது, பட்டறையில் நிற்கும் ரைகரிலும் களத்தில் நிற்கும் ரி-34 மேல். தொழிற்சாலையாளன் கூறுவான்: எளிதாகச் செய்யவும் விரைவாகத் திருத்தவும் கூடியதே சிறந்தது, ஷேர்மனும் ரி-34ம் என் பிள்ளைகள். உள்ளே இருக்கும் வீரனோ வேறு கூறுவான்: நான் பகைவனை முதலிற் காணவேண்டும், அவன் குண்டு என்னைத் துளைக்கக்கூடாது, துளைத்தால் நான் வெளியேறக் கணப்பொழுதாவது வேண்டும். அவன் கண்ணுக்கு ரைகரின் தடித்த சுவர் கோட்டையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

போரின் முடிவை நிருணயித்தவை முதலிருவரின் தீர்ப்புக்களே. எண்ணிக்கையும் பழுதுபார்க்கும் வசதியும் எரிபொருளும் சேர்ந்து, தடித்த கவசத்தை வென்றன. வரலாற்றாசிரியர் இதனை மறுக்க இயலாது, நானும் மறுக்கவில்லை. ஆனால், வென்றது எது என்று கூறுவதோடு வரலாற்றின் கடமை முடிந்துவிடுவதில்லை. வெற்றிக்கு எத்துணை விலை கொடுக்கப்பட்டது, அவ்விலையை யார் கொடுத்தனர் என்பதையும் அது கூறுதல் வேண்டும்.

1943ஆம் ஆண்டு ஏப்பிரலிலே துனீசியாவில் பிரித்தானியர் கைப்பற்றிய ரைகர் ஒன்று, இங்கிலாந்தின் பொவிங்டன் அரும்பொருட்சாலையிலே ஓடக்கூடிய நிலைக்குத் திருத்தப்பட்டுப் பேணப்பட்டு வருகின்றது. அத்தகைய ஒன்றை நேரிலோ படத்திலோ காணும் இளைஞர், அதன் கவசம் எத்தனை மில்லிமீற்றர் என்று கேட்கட்டும். அதன் பின்னர், இதனுள் எத்தனைபேர் இருந்தனர், அவர்கள் வெளியேற எத்தனை வாயில்கள் இருந்தன என்றும் கேட்கட்டும். இரண்டாவது வினாவையும் கேட்கப் பழகியவனே வரலாற்றைக் கற்கத் தொடங்கியவன் ஆவான்.